நாளை வருகிறவன் போடும் எண்ணெய்

ஒரு கத்திக்கு மெல்லிசான எண்ணெய் போட்டு வைத்தால், அதன் சொந்தக்காரன் மறுநாள் காலை வேலைக்கு வந்தே தீருவான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கலாம், காத்திருக்கிறேன். ஐம்பதைத் தொடப்போகும் ஆள், பிளஸ் டூ பாஸ் செய்தவன், ராசிபலன் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்தே பேர் வாங்கியவன், இதை நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அதற்காக உழைத்தேன்.

போன வாரம் நான் பல் பிடுங்கிக்கொண்ட கதையைப் படித்த ஒரு வாசகர், "பயப்படுவதுதான் உங்கள் தொழிலா?" என்று கேட்டிருந்தார். இல்லை ஐயா. தொழில் தோல் வெட்டுவது. பயம் ஓவர்டைம்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் சாம்பிள் ரூமில் ஒரு டியூப் லைட் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. வெளியே தூறல். ஈரக் காற்றில் தோல் வாசனை கனத்துப்போய் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. எதிர் மேஜையில் கலீல் பாய் பேட்டர்ன் அட்டைகளை ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பிள்ளை அடுக்கினாலும் அதற்குள் முடிந்திருக்கும். அட்டைகள் நடுநடுவே அவர் விரலிலிருந்து நழுவின. நான் எழுந்து போய் எடுத்துக் கொடுக்கவில்லை. கொடுத்தால் முறைப்பார்.

அடுக்கி முடித்துவிட்டு, பட்டர் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் மேஜை மேல் வைத்தார்.

"தனபாலு, இத்த வெச்சிக்கோ."

"இன்னா பாய், ஸ்வீட்டா?"

"கத்தி."

நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் ஒருவன் கத்தியை இன்னொருவன் தொடமாட்டான்.

"இங்கியே வெச்சிட்டுப் போனா எவனாவது எடுத்து வெட்டுவான். வீட்ல வெச்சா உங்க பாபி வெங்காயம் நறுக்குவா" என்றார்.

"அதுக்குன்னு என் கையிலயா? என் கை எப்படின்னு உனக்குத் தெரியாதா பாய்?"

"தெரியும். அதான் குடுக்கறேன். உனக்குப் பயம் ஜாஸ்தி. வேற எவன்னாலும் ஒருவாட்டியாவது வெட்டிப் பார்ப்பான். நீ பயந்துனு பக்கத்துலயே போவமாட்ட." கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். "தொறக்காத. அப்படியே வெச்சிரு."

என்னைப் பற்றி அவர் சொன்னது பாதி சரி.

ஊறுகாய் ஜாடி

என் கையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு வேர்வையில் உப்பு அதிகம். எனக்கு உப்பில் வேர்வை கொஞ்சம் கலந்திருக்கிறது. நான் தொட்ட இரும்பு மறுநாளே முகம் சிவந்து நிற்கும். பைக் சாவி, நகவெட்டி, வீட்டுத் தாழ்ப்பாள், எதுவும் தப்பியதில்லை. என் மனைவி செல்வியின் தாலி தங்கமாக இருந்ததால் பிழைத்தது.

நாங்கள் இருப்பது ஆம்பூரில், ஷூவின் மேல்பாகம் செய்யும் ஒரு கம்பெனி. கீழ்த்தளத்தில் மெஷின்கள் தடால் தடாலென்று ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளும். வெளிநாட்டுக்காரன் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பதற்காகச் செய்யும் முதல் ஜோடியை மட்டும் மேலே சாம்பிள் ரூமில் நாங்கள் கையால் வெட்டுவோம். பேட்டர்ன் அட்டையைத் தோல் மேல் வைத்து, அதன் ஓரத்தைக் கத்தியால் மூச்சுவிடாமல் சுற்றி வர வேண்டும். கத்தி கடையில் வாங்குவதல்ல. பழைய மெஷின் ரம்பத்தின் தகட்டை உடைத்து, அவனவன் கைக்குத் தக்கபடி அவனவன் தீட்டிக்கொள்வது. பிடிக்குத் துணிப்பட்டை சுற்றுவோம். வருஷம் போகப் போக அந்தத் துணியில் கட்டை விரலுக்கென்று ஒரு பள்ளம் விழும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கத்தி திங்கட்கிழமைக்குத் திங்கட்கிழமை பழுப்பு நிறத்தில் இருக்கும். துருப்பிடித்த அலகு தோலில் ஓடாது, பிராண்டும். கறையும் படும். சூப்பர்வைசர் கத்துவார். ஒருநாள் எதிர் மேஜையிலிருந்து கலீல் பாய் என் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது கை இல்லடா. ஊறுகா ஜாடி."

அன்று சாயங்காலம் அவர் தன் கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு, மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி, "குடு" என்றார். கொடுத்தேன். என் கத்தியையும் உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, முதுகிலிருந்து கூர்ப்பக்கமாகத் துணியால் இழுத்துவிட்டார். எண்ணெய் இருப்பது கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசு. பிறகு பருத்தித் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாளும் "குடு" என்றார். அதற்கு மறுநாளும். அதன்பிறகு அவர் கேட்கவில்லை, கையை மட்டும் நீட்டுவார். ஒருவன் கத்தியை இன்னொருவன் தொடக் கூடாது என்ற சட்டத்துக்கு எங்கள் இரண்டு மேஜை மட்டும் விதிவிலக்கு. வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. எனக்கு மீசை நரைத்த பிறகும் என் கத்திக்கு நான் எண்ணெய் போட்டதில்லை. போடத் தெரியாது என்பதுதான் நிஜம்.

கை தூங்குது

அவர் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தது எப்போது என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் டீ கிளாஸ் நழுவியது. கிளாஸில்தான் தப்பு என்றோம். பிறகு சட்டைப் பித்தான் போட நேரமானது. பிறகு ஒருநாள், எனக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்த கத்தியில் எண்ணெய் வழிந்தது. காலையில் அதைத் துடைத்தும் போகாமல், வெள்ளைத் தோல் ஒன்றில் கறை பிடித்துக்கொண்டது.

"பாய், உன் கை தூங்குது. ரெண்டு சொட்டு டீ ஊத்தி எழுப்பு" என்றேன்.

ரூமே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அதுவரை சொன்ன ஜோக்குகளிலேயே அதற்குத்தான் அவர் அதிக நேரம் சிரித்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அன்றைக்குப் பிறகு சாயங்காலங்களில் அவர் கையை நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. என் கத்தி பழையபடி பழுப்பேற ஆரம்பித்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். வருஷக்கணக்காகக் குனிந்து வெட்டியதில் கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும். அந்தத் தேதிக்கு ஒரு மாசம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமையில்தான் பட்டர் பேப்பர் பொட்டலம் என் மேஜைக்கு வந்தது.

என் விஞ்ஞானம்

வீட்டுக்குப் போய், சட்டையைக்கூடக் கழற்றாமல் பிரித்தேன். "தொறக்காத" என்று சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை திறந்திருக்கமாட்டேன்.

உள்ளே கத்தி தெரியவில்லை. கிரீஸ்தான் தெரிந்தது. மஞ்சளாக, கெட்டியாக, பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவின மாதிரி அலகு முழுக்க அப்பியிருந்தது. பொட்டலத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. நாளைக்கு வெட்டப்போகிற கத்திக்கு யாரும் கிரீஸ் போடமாட்டார்கள். அதைத் துடைத்தெடுப்பது பெரிய பேஜார். துளி மிச்சமிருந்தாலும் சாம்பிள் தோல் கறையாகிவிடும். தினசரி ஆளுக்கு மெல்லிசு எண்ணெய். இனிமேல் வெகுநாளைக்குத் தோலைப் பார்க்காது என்கிற கத்திக்குத்தான் கிரீஸ். வேலையை விட்டு நிற்கிறவர்கள் கடைசி நாளில் அப்படித்தான் தடவி எடுத்துப் போவார்கள்.

இதிலிருந்து நான் ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். எங்கள் ரூமில் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்டார். பத்திரமாக இருக்கட்டும் என்று கத்திக்குக் கிரீஸ் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வரவேயில்லை, பெங்களூரில் வேறு வேலை கிடைத்துவிட்டது. இன்னொருவர் துபாய்க்குப் போகிறேன் என்று எல்லோருக்கும் பிரியாணி போட்டார். அவசரத்தில் கத்திக்கு மெல்லிசு எண்ணெயைத் தடவிவிட்டு ஓடினார். ஏஜெண்ட் ஏமாற்றிவிட்டான், அந்த மாசமே திரும்பி வந்து எதிரில் நின்றார். கிரீஸ் போட்டவன் வரவில்லை. எண்ணெய் போட்டவன் வந்தான். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்?

ஆக, பாய் பயத்தில் தப்பாகப் போட்டுவிட்டார், நாம் சரிசெய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். பழைய லுங்கியைக் கிழித்துக் கிரீஸை வழித்தெடுத்தேன். மண்ணெண்ணெய் தொட்டு மிச்சத்தையும் துடைத்தேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. முதுகிலிருந்து கூர்ப்பக்கம். நாளைக்கே வருகிறவன் கத்தி மாதிரி பளபளவென்று ஆயிற்று.

மெல்லிசு எண்ணெயில் ஒரு தொந்தரவு, அது நிற்காது. மறுநாள் மறுபடி போட வேண்டும். அதனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் இதுதான் எனக்குப் பூஜை. என் வேர்வை படாமலிருக்க இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவர் மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்வேன். செல்வி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"இன்னாய்யா, கத்திக்கா ஆபரேஷன் பண்ற?"

"சும்மா இரு. ஈரம் படக்கூடாது."

"சாதம் வடிக்கிறேன். ஆவிய எங்க போவச் சொல்றது, எங்கம்மா வீட்டுக்கா?"

தோலை நம்பியவன்

இத்தோடு விட்டிருக்கலாம். எனக்குப் பருத்தித் துணி போதவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு லுங்கித் துணியா என்று மனசு கேட்கவில்லை. கம்பெனியில் கழித்துப் போட்ட செம்மறியாட்டுத் தோல் துண்டு ஒன்று, கன்னத்தில் வைத்தால் தூங்கிவிடலாம் போன்ற பதத்தில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கத்தியைச் சுற்றினேன்.

தோல் வேலை தெரியாதவர்களுக்கு இது நல்ல காரியமாகத்தான் தெரியும். தெரிந்தவர்களுக்கு இந்நேரம் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். தோல் காய்ந்த மாதிரி இருக்குமே தவிர, காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பதனிட்ட மருந்தும் உப்பும் உள்ளே இருக்கும். கத்தியைத் தோலுக்குள் மூடி வைப்பதும் ஊறுகாய்க்குள் மூடி வைப்பதும் ஒன்று. இதையெல்லாம் படிக்காமலே தெரிந்தவன் நான். ஆனாலும் தோலை வைத்துச் சோறு தின்கிறவனுக்குத் தோல் கெடுதல் செய்யும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

அந்த வாரம் கணியம்பாடியில் செல்வியின் அண்ணன் வீட்டில் காதுகுத்து. ஒருநாளில் திரும்புவதாகத்தான் போனோம். மழை பிடித்துக்கொண்டது. நிலமெல்லாம் தண்ணீர். தீக்குச்சி உரசினால் மருந்து பிசினாக வந்தது, உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராக நின்றது. நான் ஜன்னலில் நின்றுகொண்டு ஆம்பூர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் நினைத்தார், எனக்கு அவர் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையென்று.

நடுராத்திரியில்தான் வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் ஆபரேஷன். காலையில் தோலைப் பிரித்தேன்.

அலகின் நடுவில் பழுப்பாகப் பொட்டுகள். அம்மை போட்ட மாதிரி, சின்னதும் பெரிதுமாக.

பதறிப்போய் வெறும் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தேன். ஊறுகாய் ஜாடிக் கை. தேய்த்த பிறகுதான் அந்த ஞாபகம் வந்தது. தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். போதாதென்று நல்லெண்ணெய். சாமி விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயும் போயிற்று.

"நலங்கு வெக்கிறியா கத்திக்கு?" என்றாள் செல்வி. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "ஏய்யா, கத்தி நல்லாருந்தா அவரு கை நல்லாயிடுமா?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லியே."

"நீ சொல்லல. உன் மூஞ்சி சொல்லுது."

இட்லிக்குக் கீழே

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஆப்பிள் வாங்கிப் போவார்கள். ஆப்பிள் இல்லாமல் கத்தியை மட்டும் எடுத்துப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டு ஈரத்தில் அதை விட்டுப்போக மனசு வரவில்லை. அங்கே அவரை வெட்டித் தைத்து முடிப்பதற்குள், இங்கே நான் துருவை எடுத்து மறுபடி மெல்லிசு எண்ணெய் போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று ஒரு எண்ணம். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. அன்றைக்கு இல்லை.

செல்வி ஷமீம் பாபிக்கு என்று இட்லி கட்டிக் கொடுத்தாள். ஷமீம் பாபி, கலீல் பாயின் மனைவி. இட்லிக்குக் கீழே கத்தி. பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பள்ளிகொண்டா வருவதற்குள் கத்தியை எடுத்து மடியில் வைத்து, உப்புத்தாளால் பொட்டுகளைத் தேய்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து போய் நின்றுகொண்டார். உட்கார இடமில்லாத பஸ்ஸில் என் பக்கத்து சீட் மட்டும் காலியாகவே வந்தது.

கண்டக்டர் தள்ளி நின்றே கேட்டார். "யோவ், இன்னாய்யா அது?"

"கத்தி சார். துருப்பிடிச்சிருச்சு."

"எறங்கற வரைக்கும் துருவோடயே இருக்கட்டும். உள்ள வை."

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் பையைத் திறக்கச் சொன்னார்.

"இன்னா இருக்கு?"

"இட்லி."

"அதுக்குக் கீழ?"

பொய் சொல்லத் தெரியாத பயந்தாங்கொள்ளிகளில் நான் ஒருவன். "கத்தி" என்றேன்.

அவர் துணியைப் பிரித்துப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "எண்ணெயெல்லாம் போட்டு ரெடியாத்தான் வந்துகீற. யாரைப் பார்க்கணும்?"

"தோஸ்த் சார். இன்னிக்கு ஆபரேஷன். இது அவரு கத்தி. பத்திரமா வெச்சிருன்னு குடுத்தாரு. நான் கெடுத்துட்டேன்."

வாட்ச்மேன் மேஜை டிராயரைத் திறந்து, பீடிக்கட்டு, லைட்டர், எலுமிச்சம்பழம் வெட்டும் கத்தி என்று கிடந்தவற்றுக்கு நடுவில் அதை வைத்தார்.

"போம்போது வாங்கிக்க."

"சார், அந்த ஈரக் குடை மேல படாம."

குடையை எடுத்துத் தள்ளி வைத்தார். நல்ல மனிதர்.

பாபி சொன்னது

காத்திருக்கும் கூடத்தில் ஷமீம் பாபி தஸ்பீ மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய நனைந்த குடை. என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"முடிஞ்சிருச்சு தம்பி. நல்லபடியா முடிஞ்சிருச்சாம். கண்ணு முழிச்சாராம். காலை அசைச்சாராம்."

நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து யாராவது என்னிடம் சொத்தை எழுதித் தரக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சொத்து இல்லை என்பது வேறு விஷயம். பஸ்ஸில் தேய்த்த தேய்ப்பு வீண்போகவில்லை என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

"அப்பாடா" என்றேன். "நோன்புக்குள்ள கத்திய எடுத்துருவாரு பாரு பாபி. அந்த மேஜை அவரு இல்லாம நல்லாவே இல்ல."

பாபியின் விரலில் மணி நின்றது.

"இன்னா தம்பி சொல்றீங்க? டாக்டர் மொதல்லயே சொல்லிட்டாரே. இதுக்கு மேல போவாம நிறுத்தத்தான் ஆபரேஷன். விட்டா நடையும் போயிரும்னாரு. கையில போனது போனதுதான், வராதுன்னு அப்பவே சொல்லிட்டாரு."

"எப்போ?"

"படம் எடுத்த அன்னிக்கே. அவரு உங்ககிட்ட சொல்லிட்டேன்னாரே. தனபாலுக்கு மட்டும் சொல்லிட்டேன், வேற யாருக்கும் சொல்லாதன்னாரு."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

சொல்லியிருக்கிறார். வாயால் சொன்னால் நான் ஏதாவது ஜோக் அடிப்பேன் என்று, தோல் வெட்டுகிற ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லும் விதத்தில், கிரீஸ் தடவிச் சொல்லியிருக்கிறார். நான் அதைத்தான் லுங்கித் துணியால் வழித்து, மண்ணெண்ணெய் தொட்டு, சுத்தமாகத் துடைத்திருந்தேன்.

பாபி இட்லியைப் பிரித்தார். எண்ணெய் வாசனை அடித்தது. தையல் மெஷின் எண்ணெய். மேலே இருந்த இட்லியை எடுத்துச் சாப்பிட்டார்.

மேல்விஷாரத்தில்

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை மேல்விஷாரத்தில் மகள் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மழை முடிந்து வெயில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கழுத்துப்பட்டையோடு கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தார். வலது கை, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி தொடை மேல் கிடந்தது.

"வாடா, ஊறுகா ஜாடி" என்றார்.

கத்தியை மடியில் வைத்தேன். இடது கையால் துணியைப் பிரித்தார். துருவை எடுத்திருந்தேன், ஆனால் அது இருந்த இடத்தில் ஊசி குத்தின மாதிரி குழிகள் இருந்தன. இடது கட்டை விரலை அலகின் மேல் ஓட்டினார். குழிகளில் விரல் நின்றது.

"லெதர்ல சுத்துனியா?"

"ஆமா பாய்."

"ஷீப்பா?"

"ஷீப்தான்."

"நல்ல ஷீப்பாத்தான் இருந்திருக்கும். அதான் இவ்ளோ அழகா தின்னுகீது." கத்தியைத் திருப்பினார். "கிரீஸ் எங்கடா?"

நான் துணியை மடித்தேன்.

"தொடச்சிட்டியா?"

"தொடச்சிட்டேன்."

"மிசின் எண்ணெ போட்டியா?"

"தெனமும்."

அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். நான் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

"பைத்தியக்காரன்டா நீ" என்றார், மெதுவாக. பிறகு, "கையில குடு" என்றார்.

வலது கையை நான் தூக்கி, விரித்து, பிடியை உள்ளங்கையில் வைத்தேன். கட்டை விரலை அந்தத் துணிப்பட்டையின் பள்ளத்தில் பொருத்தினேன். பள்ளம் அதே பள்ளம், விரல் அதே விரல். கச்சிதமாக உட்கார்ந்தது. நான் என் கையை எடுத்தேன். அவர் நெற்றி சுருங்கியது, கழுத்து நரம்பு எழுந்தது. விரல்கள் கொஞ்சம் நடுங்கின. மூடவில்லை. கத்தி வழுக்கித் தரையில் விழுந்தது.

"பாத்தியா" என்றார். "அவ்ளோதான்."

சமையலறையிலிருந்து மகளின் குரல் கேட்டது, என்ன விழுந்தது என்று. "ஒண்ணும் இல்லம்மா, டீ கொண்டா" என்றார்.

டீ வந்தது. குடித்தோம். அவர் இடது கையால் குடித்தார், நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மருமகன் பைக்குக்கு வைத்திருந்த கிரீஸ் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். நான் கத்தியைப் பிடித்துக்கொள்ள, அவர் இடது கையால் தடவினார். கோணல்மாணலாக வந்தது. சில இடத்தில் அதிகம், சில இடத்தில் கம்மி. நான் விரலை நீட்டி ஒரு இடத்தைச் சரிசெய்யப் போனேன்.

"கைய எடுடா. உப்பு" என்றார்.

எடுத்தேன். பட்டர் பேப்பரில் சுற்றியதும் என் பக்கம் தள்ளினார். "நீயே வெச்சிக்கோ. இந்தவாட்டியாவது தொறக்காத."

பஸ்ஸில் வரும்போது யாரும் பக்கத்து சீட்டிலிருந்து எழுந்து போகவில்லை.

கலீல் பாய் நடக்கிறார், தொழுகைக்குப் போகிறார், உயிருக்கு ஒரு குறையும் இல்லை. வேலைக்குத் திரும்பவில்லை. அவர் கத்தி கிரீஸில் இருக்கிறது, ஒரு பொட்டுகூடத் துருவில்லை என்று நினைக்கிறேன், திறந்து பார்க்கவில்லை. என் கத்திக்கு இப்போது சாயங்காலங்களில் நானே எண்ணெய் போடுகிறேன். துருப்பிடிக்கிறது.